மாமாவின் கடன் கடிதத்தில் வந்த ‘சார்ஜ்’

கேள்வி: ஐயா, நான் தமிழ் வழியில் படித்தவள். கரூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. என் மாமா திரைச்சீலை, மேஜை விரிப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார். வங்கியிலிருந்து கடன் அனுமதிக் கடிதம் வந்தது. ‘நீதான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கியே, படிச்சுச் சொல்லு’ என்று என்னிடம் கொடுத்தார். ‘ப்ராசஸிங் சார்ஜஸ்’ என்று இருந்ததைக் கட்டணம் என்று சொன்னேன். அடுத்த பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் சார்ஜ் ஆன் ஸ்டாக்ஸ் அண்ட் ரிசீவபிள்ஸ்’ என்று இருந்தது. அதையும் ‘முதல் கட்டணம்’ என்று சொல்லிவிட்டேன். ‘முதல் கட்டணம் எவ்வளவு, ரெண்டாவது எப்போ கட்டணும்?’ என்று மாமா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதே வாரம் பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு ‘ஃபுல் அடிஷனல் சார்ஜ்’ என்று ஓர் உத்தரவு வந்தது. அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்கே பக்கம் முழுக்க அர்த்தம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

— வாசகி, கரூர்

பதில்: முதலில் மாமாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவருக்குத்தான் அவசரம்.

‘ஃபர்ஸ்ட் சார்ஜ் ஆன் ஸ்டாக்ஸ் அண்ட் ரிசீவபிள்ஸ்’ என்ற வரியில் கட்ட வேண்டிய பணம் ஒரு பைசாகூட இல்லை. கிடங்கில் இருக்கும் நூல், துணி, தைத்து முடித்த சரக்கு, வாங்கியவர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி, இவை எல்லாவற்றின் மேலும் வங்கிக்கு முதல் உரிமை உண்டு என்பதுதான் அதன் பொருள். கடனைக் கட்ட முடியாமல் போனால் இவற்றிலிருந்து வரும் பணத்தில் இந்த வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். இதே சரக்கை ஈடாகக் காட்டி வேறு யாராவது கடன் கொடுத்திருந்தால் அவர்கள் அதற்கு அப்புறம்தான். அந்த ‘முதல்’ உரிமையின் வரிசையைச் சொல்கிறது. தவணைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது எப்போது என்று மாமா கேட்டது உண்மையில் நல்ல கேள்விதான். ‘செகண்ட் சார்ஜ்’ என்று ஒன்று உண்டு. அதே சரக்கின் மேல் இன்னொரு வங்கி வரிசையில் பின்னால் நிற்கச் சம்மதித்துக் கடன் கொடுத்தால் அதற்குத்தான் அந்தப் பெயர். இரண்டு வங்கிகளும் சரிசமமாக நின்றால் ‘பாரி பாசு சார்ஜ்’ என்பார்கள். லத்தீன் தொடர் அது, சம அடி எடுத்து வைத்து என்று அர்த்தம்.

இந்த ஈட்டுக்காகச் சரக்கு எங்கும் போகாது. நகைக் கடனில் நகை வங்கியின் பெட்டகத்துக்குப் போய்விடும், அது அடகு. வீட்டுக் கடனில் வீட்டின் மேல் உள்ள உரிமையில் ஒரு பங்கு வங்கிக்கு மாறுகிறது, அது அடமானம். மாமாவின் கடிதத்தில் பக்கத்திலேயே ‘ஹைப்பாதிகேஷன்’ என்று ஒரு சொல் இருந்திருக்க வேண்டும், பாருங்கள். பொருளைக் கையில் வாங்காமலே ஈடாக எடுத்துக்கொள்வதுதான் அது. சரக்கு மாமாவின் கிடங்கிலேயே இருக்கும். அவர் அதை விற்கலாம், புதிதாக வாங்கிப் போடலாம். இன்றைக்கு இருக்கும் துணி அடுத்த மாதம் இருக்காது, வேறு துணி இருக்கும். வங்கியின் உரிமை அந்தக் குறிப்பிட்ட துணியின் மேல் இல்லை, அந்தந்த நேரத்தில் எது இருக்கிறதோ அதன் மேல். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பொருளின் மேல் நிற்பதால்தான் இதை மிதக்கும் ஈடு என்று பொருள்படும்படி ‘ஃப்ளோட்டிங் சார்ஜ்’ என்கிறார்கள். கடன் கெட்டுப்போய் வங்கி கையை வைக்கும் அன்றைக்கு அது மிதப்பதை நிறுத்தி, அப்போது இருக்கும் சரக்கின் மேல் உட்கார்ந்துவிடும்.

தமிழில் இதற்கு என்ன போடுவது? மொழிபெயர்ப்பவர்கள் சிலர் ‘பொறுப்பு’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘பாரம்’ என்கிறார்கள். ‘சரக்கின் மீது முதல் பொறுப்பு’ என்று எழுதிக் கொடுத்தால் மாமா என்ன நினைப்பார்? சரக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அதனால் பதிவு செய்யும் ஆவணத்தில் எப்படி இருந்தாலும், வாய்விட்டு விளக்கும்போது நான் ‘ஈட்டுரிமை’ என்றே சொல்வேன். கடனுக்கு ஈடு என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

உங்கள் ஆபீஸ் வேலையும் இதில் ஒன்று இருக்கிறது. கம்பெனி தன் சொத்தின் மேல் இப்படி ஈட்டுரிமை கொடுத்தால் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 77-ஆவது பிரிவுப்படி 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். சி.எச்.ஜி.-1 படிவம் அதற்குத்தான். அந்த மூன்று எழுத்தும் ‘சார்ஜ்’ என்பதிலிருந்து எடுத்தவைதான். நாள் தவறினால் கூடுதல் கட்டணம். பதிவே செய்யாமல் விட்டால், பின்னால் கம்பெனி கலைக்கப்படும்போது அந்த ஈட்டுரிமையைக் கலைப்பாளர் கணக்கில் எடுக்க மாட்டார். அதனால் வங்கியே விடாமல் துரத்தும்.

சரி, அதே கடிதத்தில் உள்ள மற்ற ‘சார்ஜ்’. ‘ப்ராசஸிங் சார்ஜஸ்’ கட்டணம்தான், நீங்கள் சொன்னது சரி. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குக் கீழே எங்காவது ‘பீனல் சார்ஜஸ்’ என்று இருக்கும். அந்த வரியில் ஒரு சொல் மாறியதற்குப் பின்னால் பெரிய கதை உண்டு. முன்பெல்லாம் தவணை தவறினால் ‘பீனல் இன்டரெஸ்ட்’, அதாவது அபராத வட்டி, என்று வட்டி விகிதத்தோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். வட்டி என்று பெயர் வைத்தால் அது அசலில் சேரும், அப்புறம் அதற்கும் வட்டி ஓடும். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை விட்டு இதை நிறுத்தியது. கடன் நிபந்தனையை மீறியதற்குப் போடும் தண்டம் இனி வட்டியாக இருக்கக் கூடாது, ‘சார்ஜ்’ ஆகத்தான் இருக்க வேண்டும், அதை அசலோடு சேர்க்கக் கூடாது, அதற்கு மேல் வட்டி கணக்கிடக் கூடாது என்றது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆகவே இந்த இடத்தில் ‘சார்ஜ்’ என்பதை ‘வட்டி’ என்று மொழிபெயர்த்தால் மாமாவைத் தேவையில்லாமல் பயமுறுத்தியதாக ஆகும். ‘அபராதக் கட்டணம்’ என்று எழுதுங்கள்.

ஒரே கடிதத்தில் இரண்டு அர்த்தம் வருவதைப் பார்த்து நீங்கள் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை. நம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இப்படி ஓர் இடம் இருக்கிறது. 112-ஆவது உறுப்பின் மூன்றாம் பகுதி, இந்தியத் தொகுப்பு நிதியின், அதாவது மத்திய அரசின் பொதுக் கருவூலத்தின், மேல் ‘சார்ஜ்ட்’ ஆன செலவுகள் எவை என்று பட்டியல் போடுகிறது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவை அதில் வரும். இந்தச் செலவுகளை நாடாளுமன்றத்தில் விவாதிக்கலாம், ஆனால் வாக்கெடுப்புக்கு விட முடியாது. நிதியின் மேல் ஏற்கெனவே ஏற்றி வைத்தாகிவிட்டது. அதே பட்டியலில் கொஞ்சம் கீழே ‘டெட் சார்ஜஸ்’ என்று வருகிறது, கடனுக்காக அரசு கட்ட வேண்டிய வட்டி முதலான தொகைகள். மேலே இருப்பது உரிமை, கீழே இருப்பது பணம், சொல் ஒன்றே. எழுதியவர்கள் குழம்பவில்லை, படிப்பவர்களும் குழம்புவதில்லை. ஏன் என்றால் முதல் ‘சார்ஜ்’ஜுக்குப் பின்னால் ‘ஆன்’ நிற்கிறது, இரண்டாவதற்கு முன்னால் ‘டெட்’ நிற்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. மனப்பாடம் வேண்டாம். அந்தச் சொல்லை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்கு இடமும் வலமும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். முக்கியமாக, பின்னால் வரும் அந்தச் சின்னச் சொல்லை. நாம் பள்ளியில் ‘ப்ரிபொசிஷன்’ என்று கோடிட்ட இடம் நிரப்பி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்ட ‘ஆன்’, ‘ஃபார்’, ‘வித்’, ‘அட்’, ‘டு’தான் இங்கே எல்லாத் தகராறையும் தீர்த்து வைக்கின்றன.

‘சார்ஜ் ஃபார்’ என்றால் பணம், எதற்காகக் கேட்கிறார்கள் என்பது ‘ஃபார்’ருக்குப் பின்னால் வரும். ‘சார்ஜ் டு’ என்றால் யாருடைய கணக்கில் பற்று எழுதுவது என்பது. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு அறைக் கணக்கில் எழுதச் சொல்வார்களே, அது. அமெரிக்காவில் கடைக்காரர் ‘கேஷ் ஆர் சார்ஜ்?’ என்று கேட்டால் ரொக்கமா, கணக்கிலா என்றுதான் கேட்கிறார். உங்கள் ஆபீஸில் ‘சார்ஜ்ட் டு ப்ராஃபிட் அண்ட் லாஸ் அக்கவுன்ட்’ என்று தினமும் பார்ப்பீர்கள், லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதியது. ‘சார்ஜ் அட்’ என்றால் பாய்ந்து போவது. காளை ஆளின் மேல் பாய்வதும் இதுதான், 1854-இல் கிரிமியப் போரில் பாலக்ளாவா என்ற இடத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை எதிரியின் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்ததும் இதுதான்.

‘சார்ஜ் வித்’ கொஞ்சம் ஏமாற்றும். பெரும்பாலும் குற்றம்தான். ‘சார்ஜ்ட் வித் மர்டர்’ என்றால் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர். ஆனால் ‘வித்’துக்குப் பின்னால் குற்றத்துக்குப் பதில் ஒரு வேலை வந்தால் பொருள் தலைகீழாகிவிடும். அந்த வேலையை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ஆபீஸ் தணிக்கை அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், ‘தோஸ் சார்ஜ்ட் வித் கவர்னன்ஸ்’ என்று ஒரு தொடர் கட்டாயம் இருக்கும். எஸ்.ஏ. 260 என்ற தணிக்கைத் தரநிலையின் தலைப்பிலேயே அது உண்டு. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள், அதாவது இயக்குநர்கள் முதலானோர், என்று பொருள். இதை ‘நிர்வாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்’ என்று மொழிபெயர்த்த ஒரு வரைவு என் மேஜைக்கு வந்திருக்கிறது. கம்பெனி முதலாளி பார்ப்பதற்கு முன்னால் நிறுத்தினோம்.

போலீஸ் செய்தி படிக்கும்போது இந்தச் சின்னச் சொற்களின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். மாணவர்களைப் போலீஸ் ‘சார்ஜ்ட் வித்’ என்று வந்தால் வழக்கு. ‘சார்ஜ்ட் அட்’ என்று வந்தால் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். ‘லத்தி சார்ஜ்’ என்றால் தடியடி, இது இந்திய ஆங்கிலம். பிரிட்டனில் ‘பேட்டன் சார்ஜ்’ என்பார்கள். தடியடி நடத்திவிட்டு வழக்கும் போட்டால் ஒரே செய்தியில் இரண்டு ‘சார்ஜ்’உம் வரும், அவசரமாக மொழிபெயர்ப்பவர் அங்கேதான் சறுக்குவார்.

நீதிமன்றப் பக்கம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தவறான சொல் ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்கும். போலீஸ் விசாரணை முடித்துத் தாக்கல் செய்வது ‘சார்ஜ் ஷீட்’, தமிழில் குற்றப்பத்திரிகை. சட்டப் பிரிவில் அதற்குப் பெயர் போலீஸ் அறிக்கைதான், ‘சார்ஜ் ஷீட்’ என்பது புழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அதைப் படித்துவிட்டு, வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறது என்று நீதிமன்றம் முடிவு செய்து எழுதுவதுதான் சட்டம் சொல்லும் ‘சார்ஜ்’. நம் நீதிமன்றங்களில் ‘குற்றச்சாட்டு வனையப்பட்டது’ என்று எழுதுவார்கள், அழகான பிரயோகம். குயவர் பானையை வனைவது போலத் தேதி, இடம், சட்டப்பிரிவு எல்லாம் வைத்து அதை உருவாக்க வேண்டியிருக்கிறது. இது போலீஸ் செய்வதில்லை, நீதிபதி செய்வது. இரண்டும் நடந்த பிறகும் அவர் குற்றவாளி அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்தான். ‘சார்ஜ் ஷீட்டட்’ என்று ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்தவுடன் ‘குற்றம் நிரூபணம்’ என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய பேர்.

இவ்வளவு முக்கியமான சொல்லுக்கு 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்ன வரையறை கொடுத்தது தெரியுமா? ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்புகள் உள்ள சார்ஜில், அதன் எந்தத் தலைப்பும் சார்ஜ் என்பதில் அடங்கும். அவ்வளவுதான். சட்டம் எழுதியவர்களும் கையை விரித்துவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கிலிருந்து ‘டிஸ்சார்ஜ்’ என்று வந்தால் விடுவிப்பு. குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, முகாந்திரம் இல்லை என்று விட்டுவிடுவது. விசாரணை எல்லாம் முடிந்து குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தால் அது ‘அக்விட்டல்’, விடுதலை. இரண்டையும் ‘விடுதலை’ என்றே எழுதும் பழக்கம் செய்தித்தாள்களில் இருக்கிறது, நீங்கள் பின்பற்ற வேண்டாம். அதே ‘டிஸ்சார்ஜ்’ ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்புவது, மேட்டூர் அணையில் நீர் திறப்பு, கடன் பத்திரத்தில் கடன் தீர்வது.

இதற்கெல்லாம் பொதுவாக ஓர் அடி இருக்கிறது. லத்தீனில் ‘காருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்குப் பிற்கால லத்தீனில் ‘காரிக்காரே’ என்றார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. ‘கார்’, ‘கேரி’, ‘கார்கோ’ எல்லாம் அதே குடும்பம். துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதும் சார்ஜ். 1740களில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்துச் சோதனை செய்தபோது அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். உங்கள் செல்போனுக்கு இன்று போடுவதும் அதுதான். தமிழ் படித்த உங்களுக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. மின்சாரத்தை ஏற்றுகிறோம், பொறுப்பை ஏற்கிறோம், குற்றத்தைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே தமிழும் அதே வண்டியில்தான் பாரம் ஏற்றியிருக்கிறது. சந்தேகம் வரும்போது, இங்கே எதன் மேல் எது ஏறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். சரக்கின் மேல் வங்கியின் உரிமை ஏறுகிறது, ஆள் மேல் குற்றம் ஏறுகிறது, பில்லின் மேல் பணம் ஏறுகிறது. பாதி நேரம் சரியான தமிழ்ச் சொல் தானாக வந்துவிடும். மீதி நேரத்துக்கு அகராதி.

அப்பாவின் உத்தரவுக்கு வருவோம். ‘ஃபுல் அடிஷனல் சார்ஜ்’ என்பது முழு கூடுதல் பொறுப்பு. தன் வேலையையும் பார்த்துக்கொண்டு, காலியாக உள்ள இன்னொரு பதவியின் வேலையையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். நல்ல செய்திதான், வேலைதான் இரட்டிப்பு. அரசு அலுவலகங்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு என்பது அப்பாவுக்கே தெரிந்திருக்கும். ‘அவருக்கு சார்ஜ் வந்திருக்கு’ என்று யாராவது சொன்னால், கேட்பவர் உடனே ‘எந்த சார்ஜ்?’ என்பார். சார்ஜ் எடுத்தால் வாழ்த்து. ‘சார்ஜ் மெமோ’ வாங்கினால் அது குற்றச்சாட்டுக் குறிப்பாணை, தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் ஒழுங்கு நடவடிக்கை விதியின் எண்ணை வைத்து ‘17பி’ என்று சொல்லிக் கலங்குவார்களே, அந்த வகை.

இதை ஒட்டி ஒரு நுணுக்கம் சொல்லிவிடுகிறேன், போட்டித் தேர்விலும் கேட்பார்கள். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பாளர், ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால் இன்னொருவர் பொறுப்பில் இருப்பவர். அத்தை குழந்தைகளுக்கு ‘இன் சார்ஜ் ஆஃப்’, குழந்தைகள் அத்தையின் ‘இன் த சார்ஜ் ஆஃப்’. நடுவில் ஒரு ‘த’ விழுந்தால் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதே மாறிவிடும். அதோடு ஆங்கிலேயரின் ‘இன் சார்ஜ்’ முழு அதிகாரம் உள்ளவர். நம் அலுவலகங்களில் ‘இன்சார்ஜ் எச்.எம்.’ என்றால் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறவர், நிரந்தரத் தலைமையாசிரியர் இனிமேல்தான் வர வேண்டும். பொறுப்புத் தலைமையாசிரியர் என்பது இந்த இரண்டாவது பொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

நாம் பேச்சில் போடும் ‘சார்ஜ்’ஜை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள், அது வேறு ஒரு குழி. ‘பஸ் சார்ஜ்’ ஆங்கிலத்தில் ‘ஃபேர்’. டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுப்பது ‘ஃபீ’. நாம் செல்போனுக்குச் செய்யும் ‘ரீசார்ஜ்’ பிரிட்டனில் ‘டாப் அப்’. தமிழில் ‘ரீசார்ஜ்’ஜுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மழைநீரை நிலத்துக்குள் இறக்க வீட்டு மூலையில் தோண்டும் குழிக்கு ‘ரீசார்ஜ் பிட்’ என்கிறோம், அங்கே செறிவூட்டல் என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. ஹோட்டல் பில்லில் வரும் ‘சர்வீஸ் சார்ஜ்’ வரி இல்லை, கடைக்காரர் தானாகச் சேர்ப்பது. அப்படி வாடிக்கையாளரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைச் ‘சேவை வரி’ என்று மொழிபெயர்த்தால், கட்டியே ஆக வேண்டும் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுவோம்.

அகராதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒரு சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொற்களை வரிசையாகக் கொட்டிவிடும், எது எங்கே என்று சொல்லாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவர்கள் போடும் ஆங்கில-ஆங்கில அகராதியை வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் பக்கத்தில் எந்தச் சின்னச் சொல்லோடு வரும் என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். முதல் அர்த்தத்தோடு நின்றுவிடாமல், உங்கள் வாக்கியத்தில் உள்ள சின்னச் சொல்லைத் தேடிக்கொண்டே கீழே இறங்குங்கள். ஆபீஸில் பார்க்கும் தொடர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘சார்ஜ்’ என்று தனியாக எழுதிப் பயனில்லை, ‘க்ரியேட் எ சார்ஜ் ஆன்’, ‘சார்ஜ்ட் டு’, ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்று முழுசாக எழுத வேண்டும். இதே வைத்தியம் ‘இன்டரெஸ்ட்’, ‘செக்யூரிட்டி’, ‘ப்ரொவிஷன்’ எல்லாவற்றுக்கும் நடக்கும். மூன்றும் உங்கள் ஆபீஸில் வரும், மூன்றும் இதே மாதிரி தொல்லை கொடுக்கும்.

மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: “இந்தக் கடனுக்கு நம் சரக்கும் வர வேண்டிய பாக்கியும் ஈடு. அதில் இந்த வங்கிக்குத்தான் முதல் உரிமை. சரக்கு நம்மிடமே இருக்கும், விற்கலாம், வாங்கலாம். மாதாமாதம் இருப்புக் கணக்கு வங்கிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இதைக் கம்பெனிப் பதிவாளரிடம் பதிவு செய்வார்கள். கையிலிருந்து கட்ட வேண்டியது ப்ராசஸிங் கட்டணமும் அதன் ஜி.எஸ்.டி.யும். தவணை தவறினால் அபராதக் கட்டணம் தனி.”

கையெழுத்துப் போடும் முன் வங்கியில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். இந்த ஈட்டுரிமை சரக்கோடு நிற்கிறதா, தையல் இயந்திரங்கள் மேலும் போகிறதா? ‘ப்ரெசென்ட் அண்ட் ஃப்யூச்சர்’ (இப்போது இருப்பதும் இனி வருவதும்), ‘மூவபிள் ஃபிக்ஸட் அசெட்ஸ்’ (இயந்திரம் போன்ற, இடம் மாற்றக்கூடிய நிலைச் சொத்துகள்) என்ற சொற்கள் இருந்தால் இனி வாங்கப்போகும் இயந்திரமும் அதில் அடங்கும். அப்புறம், ஏற்கெனவே வேறு வங்கியில் இதே சரக்கின் மேல் பழைய கடன் இருந்து கட்டி முடித்திருந்தால், அதன் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன் ஆஃப் சார்ஜ்’ பதிவாகிவிட்டதா? யாரும் திருப்தி அடைந்தார்களா என்ற கேள்வி இல்லை இது. கடன் தீர்ந்து ஈட்டுரிமை நீங்கியது என்று பதிவாளரிடம் சி.எச்.ஜி.-4 படிவத்தில் தெரிவிப்பது. பணத்தைக் கட்டி முடித்தும் இந்தப் படிவத்தைப் போடாமல் விட்டுவிடும் சின்னக் கம்பெனிகள் நிறைய. பதிவேட்டில் பழைய வங்கி இன்னும் முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தால், புது வங்கி மாமாவின் பணத்தை விடுவிக்காது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டால் எந்தெந்த ‘சார்ஜ்’ இன்னும் திறந்திருக்கிறது என்று தெரியும். நாளைக்கு ஆபீஸ் போனதும் நீங்களே பார்த்துவிடலாம்.